வெயில் முற்றத்தில் சால்வியா

நம் குடும்பத் தாய்மார்கள் பலருக்கும் இது பழகிய அனுபவம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் நர்சரிக்குப் போனால் செக்கச்செவேல் என்று சால்வியா நிற்கும். நாலு தொட்டி வாங்கி வருவோம். பொங்கல் வரை வாசலே பளிச்சென்று இருக்கும். மாசி பிறந்ததும் இலை சுருங்கும். பங்குனி வெயிலில் குச்சி மட்டும் மிஞ்சும். அடுத்த வருடம் மறுபடியும் நாலு தொட்டி. கேட்டால், "இது சீசன் செடி சார், அவ்வளவுதான்" என்பார் நர்சரிக்காரர்.

அவர் சொல்வது பாதி உண்மை. சால்வியாவின் பல வகைகள் பிறந்த மண்ணில் பல ஆண்டுகள் வாழும் செடிகள். நம் வெயிலில் எது நிற்கும், எது நிற்காது, நிற்காததை எப்படி அடுத்த பருவத்துக்குக் கடத்துவது என்பவற்றை அறிந்தால், வருடாவருடம் பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அதற்கான பாடம்தான் இக்கட்டுரை.

நான் தாவரவியல் படித்தவன் அல்லன். பொறியியலில் டிப்ளமா வாங்கி, ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது சித்தூர் மாவட்டம் ராமகுப்பத்தில் குடியிருக்கிறேன். ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றும் கூடும் மூலை இது. செடிகளையும் ஒரு பொறியாளன் கண்ணோடுதான் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்குகளை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

1. பெயரும் குலமும்

சால்வியா என்னும் பெயர், குணப்படுத்துதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஐரோப்பியர் சமையலுக்கும் மருந்துக்கும் பயன்படுத்தும் 'சேஜ்' என்ற மூலிகை இந்த இனத்தைச் சேர்ந்தது. உலகில் ஏறக்குறைய ஆயிரம் சால்வியா வகைகள் உள்ளன. இப்போது கடைகளில் விற்கும் சியா விதையும் ஒரு சால்வியாவின் விதைதான். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் கர்நாடக விவசாயிகளிடம் அதைக் கொண்டு சென்றது.

குடும்பத்தைப் பார்த்தால் நமக்கு நெருங்கிய சொந்தம். துளசி, புதினா, தும்பை, கர்ப்பூரவல்லி எல்லாம் இதே குடும்பம். அடையாளம் காண்பது எளிது. இளந்தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். உருளாது, நாலு பக்கம் தட்டும். இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும். பூவுக்கு மேலுதடு, கீழுதடு என்று இரண்டு உதடுகள் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: சொந்தம் என்பதால் வாயில் போடலாம் என்று பொருள் இல்லை. அலங்காரத்துக்காக வளர்க்கும் சால்வியா இலைகளைக் கஷாயத்திலோ தேநீரிலோ சேர்க்கக் கூடாது.

2. 'மென்மையான செடி' என்பது எந்த ஊரில்?

வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்களில் இந்தச் சால்வியாக்களை 'மென்மையானவை' என்று எழுதியிருப்பார்கள். உறைபனி பட்டால் சாகும் என்பது அதன் பொருள். அங்கே எதிரி குளிர். ராமகுப்பத்தில் உறைபனி கிடையாது. இங்கே எதிரிகள் இரண்டு: சித்திரை வெயில் ஒன்று, வேரடியில் தேங்கும் மழைநீர் மற்றொன்று. ஆகவே அந்தப் புத்தகங்களில் 'குளிர்காலத்தில் செடியைக் காப்பாற்றுங்கள்' என்று இருக்கும் இடத்தில், நாம் 'கோடைக் காலத்தில்' என்று மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு திருத்தம் பாதிப் பாடத்தை முடித்துவிடும்.

நமக்கு ஒரு சலுகையும் உண்டு. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் போகும் ரயிலில் வந்தவர்களுக்குத் தெரியும். பச்சூர், மல்லானூர் தாண்டிக் குப்பம் வரை பாதை ஏறிக்கொண்டே வரும். ஜோலார்பேட்டை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 400 மீட்டர். குப்பம் பக்கம் 700 மீட்டரை ஒட்டியது. 1000 மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அந்தக் கணக்கில் கீழே சமவெளியை விட இங்கே இரண்டு டிகிரியாவது குளிர்ச்சி. இரவு வெப்பம் தணிவதால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை சால்வியாவுக்கு இது தாய்வீடு போன்ற காலம்.

3. முற்றத்துக்கு ஏற்ற நான்கு வகைகள்

சிவப்புச் சால்வியா: நர்சரியில் பெரும்பாலும் கிடைப்பது இதுதான். தாயகம் பிரேசில். 1822 முதல் ஐரோப்பியத் தோட்டங்களில் பழகிய செடி. காட்டில் ஆள் மார்பளவு வளரும். தோட்டத்தில் ஒரு அடி, ஒன்றரை அடிக் குட்டை ரகங்களையே விற்கிறார்கள். நம் கோடையைத் தாங்காத வகை இதுவே. காலை வெயில் முழுதாகவும், பிற்பகலில் நிழலும் இருந்தால் சிவப்பு வெளிறாது. பூவிதழ் உதிர்ந்த பிறகும் அதைத் தாங்கிய சிவந்த புல்லி நிற்பதால் பல நாள் நிறம் தெரியும்.

நீலச் சால்வியா: அமெரிக்காவின் டெக்சாஸ், மெக்சிகோ பகுதிகளைச் சேர்ந்தது. பூக்கதிரில் மாவு பூசினாற்போல் வெண்மை தெரியும். லத்தீன் பெயரிலும் மாவு என்ற பொருள் இருக்கிறது. முழு வெயில் வேண்டும். சிவப்பை விடக் கோடையை நன்றாகத் தாங்கும்.

காட்டுச் சிவப்பு: மெக்சிகோவையும் அதைச் சுற்றிய வெப்பநாடுகளையும் சேர்ந்தது. மெலிந்த தண்டில் தூரத் தூரப் பூக்கும். விதை விழுந்து தானே முளைக்கும். வசதியான குணம்தான், அதில் ஓர் ஆபத்தும் உண்டு. பின்னால் சொல்கிறேன்.

வெல்வெட் சால்வியா: மெக்சிகோவின் புதர்ச் செடி. மூன்று நான்கு அடி உயரமும் அதே அகலமும் வளரும். கதிர் முழுவதும் ஊதா நிற வெல்வெட் துணி சுற்றியதுபோல் இருக்கும்; அதிலிருந்து வெள்ளைப் பூ எட்டிப் பார்க்கும். தரையில் வேரூன்றிவிட்டால் வெயிலையும் வறட்சியையும் தாங்கும். ஒரே ஒரு வகைதான் வைக்க முடியும் என்றால் நான் இதையே சொல்வேன்.

இது பூப்பது பகல் குறையும் காலத்தில். நம் அட்சரேகையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். லண்டனில் அது எட்டு மணி நேரத்துக்கும் மேல். இருந்தாலும் இச்செடி அந்தச் சிறு வித்தியாசத்தையும் உணர்ந்து ஐப்பசி வாக்கில் கதிர் விடத் தொடங்குகிறது. ஆதலால் இரவெல்லாம் தெருவிளக்கு வெளிச்சம் விழும் இடத்தில் நடாமல் இருப்பது நல்லது.

பெங்களூர் போகிறவர்கள் லால்பாக்கில் இந்த வகைகளை நேரில் பார்த்துப் பழகலாம். 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் அது. ஜனவரியில் குடியரசு தினத்தையும் ஆகஸ்டில் சுதந்திர தினத்தையும் ஒட்டி அங்கே மலர்க் கண்காட்சி நடக்கும். 1848-இல் தொடங்கிய ஊட்டித் தாவரவியல் பூங்காவில் மே மாதக் கண்காட்சியிலும் சால்வியாப் பாத்திகள் உண்டு. சமவெளியில் சால்வியா வாடும் அதே மே மாதத்தில் ஊட்டியில் அது சிரிக்கிறது என்றால், காரணம் 2200 மீட்டர் உயரம்தான்.

4. பூவுக்குள் ஒரு சிக்னல் நெம்புகோல்

என்னை இந்தச் செடியோடு கட்டிப்போட்டது அதன் நிறத்தை விட அதன் இயந்திரம்தான். கேபினில் நெம்புகோலை இழுத்தால் தூரத்தில் சிக்னல் கை இறங்கும் அல்லவா? அதே ஏற்பாடு சால்வியாப் பூவுக்குள் இருக்கிறது.

பூவில் இரண்டு மகரந்தத் தாள்கள் வேலை செய்கின்றன. ஒவ்வொன்றும் நடுவில் ஒரு கீல் வைத்த நெம்புகோல் போன்றது. மேல்முனையில் மகரந்தப் பை. அது மேலுதட்டுக்குள் மறைந்திருக்கும். கீழ்முனை தேனுக்குப் போகும் வழியை மறித்து நிற்கும். தேனீ தேனைத் தேடித் தலையை உள்ளே விடும்போது கீழ்முனையைத் தள்ளுகிறது. உடனே மேல்முனை கவிழ்ந்து தேனீயின் முதுகில் மகரந்தத்தைத் தடவுகிறது. தேனீ வெளியேறினால் நெம்புகோல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வயதான பூவில் சூல்முடி கீழே வளைந்து நிற்பதால், அந்த முதுகு அதில் உரசி மகரந்தம் சேர்கிறது. ஜெர்மானியரான ஸ்பிரெங்கல் 1793-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய பூ-பூச்சி ஏற்பாடுகளை விளக்கினார்.

அமெரிக்கக் கண்டத்தின் சிவப்புச் சால்வியாக்கள் பல, தேனீயை விட ரீங்காரச் சிட்டுக்கே ஏற்றவை. அவற்றுள் சிலவற்றில் இந்த நெம்புகோல் வேலை இழந்துவிட்டது. குழல் நீளமானது, நிறம் சிவப்பு. நம் நாட்டில் ரீங்காரச் சிட்டு இல்லை. அதன் இடத்தை ஊதாப்பிட்டத் தேன்சிட்டு எடுத்துக்கொள்கிறது. ரீங்காரச் சிட்டு அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும். தேன்சிட்டு பெரும்பாலும் உட்கார்ந்துதான் குடிக்கும். எனவே சால்வியாப் பாத்தி ஓரத்தில் நாலு மூங்கில் குச்சியை ஊன்றி வையுங்கள். காலைக் காப்பிக்கு நல்ல துணை கிடைக்கும்.

5. மண்ணும் வடிகாலும்

ரயில் பாதை ஏன் நிற்கிறது? தண்டவாளத்தின் பலம் மட்டும் காரணம் இல்லை. அடியில் மேடு கட்டி, மேற்பரப்புக்கு இருபக்கமும் சரிவு கொடுத்து, பக்கத்தில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வெளியேற்றுகிறோம். தண்ணீர் தேங்கிய பாதை அமுங்கும். சால்வியாப் பாத்திக்கும் இதே விதி. தரைமட்டத்துக்கு மேல் அரை அடி உயர்த்திக் கட்டுங்கள். நடுவில் சற்று மேடாக, இருபக்கமும் சரிவாக இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதன் பலன் தெரியும்.

கலவை: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாணம் அல்லது இலைமக்கு ஒரு பங்கு. எம்-சாண்ட் எடுத்தால் அதிலுள்ள கல்தூள் போகுமளவு கழுவ வேண்டும். தூள் மண்துளைகளை அடைத்துவிடும். உரத்தைத் தாராளமாகக் கொட்டினால் இலைதான் கொழிக்கும், பூ குறையும்.

தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பினால் வடிகால் நன்றாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் மெல்லிய மண்ணுக்குக் கீழே கரடான ஜல்லி வந்தால், மேல்மண் ஊறி நிறையும் வரை தண்ணீர் எளிதில் கீழே இறங்காது. வேர் நிற்கும் இடத்திலேயே ஈரம் தங்கும். ஓட்டையின் மேல் ஒரு ஓட்டுச்சில்லு வைத்தால் போதும். வடிகால் குணம் கலவையில் இருக்க வேண்டும்.

6. விதையும் குச்சியும்

விதைக்கும் காலம் புரட்டாசி, அதாவது செப்டம்பர் பிற்பாதி முதல் அக்டோபர் வரை. தேங்காய்நார்த் தூளும் மணலும் கலந்த தட்டில் விதையைத் தூவி, லேசாக அழுத்திவிடுங்கள். முளைக்க வெளிச்சம் உதவும் என்பதால் ஆழமாக மூட வேண்டாம். மழைச்சாரல் படாமல் வையுங்கள். 21 முதல் 24 டிகிரி வெப்பத்தில் பத்து முதல் பதினான்கு நாளில் முளைக்கும். நாற்றின் கழுத்து கருத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல். ஈரம் மிகுந்ததற்கு அடையாளம். கலவையில் முன்பே டிரைக்கோடெர்மா விரிடி சேர்த்தால் தடுக்கலாம். நாலைந்து இலை வந்ததும் இடம் மாற்றி, ஆறு இலையில் நுனியைக் கிள்ளுங்கள். கிள்ள மனம் வராதுதான். ஆனால் ஒரு கதிர் வரும் இடத்தில் நாலு கதிர் வரும். சிவப்பு ரகம் விதைத்த எட்டு முதல் பத்து வாரத்தில் பூக்கும். நீலம் இன்னும் மூன்று நாலு வாரம் எடுத்துக்கொள்ளும்.

குச்சி நடுவது இதைவிட எளிது. பூ இல்லாத இளங்கிளையின் நுனியை விரல் நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். அடி இலைகளை நீக்கி, ஈரமணலில் ஒரு கணு புதையும்படி ஊன்றுங்கள். நிழலில், மேலே ஒரு வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். 'சீசன் செடி' என்று தூக்கி எறிகிற சிவப்புச் சால்வியாவையும் இப்படிக் காப்பாற்றலாம். மாசியில் எடுத்த குச்சிகளைக் கோடை முழுவதும் நிழல்வலைக்கு அடியில் சிறு தொட்டிகளில் வைத்திருந்தால், ஆடி மழைக்கு இளஞ்செடி தயார்.

நர்சரியில் வாங்கும்போதும் ஒரு யோசனை. பூத்துக் குலுங்கும் தொட்டியை விட்டுவிட்டு, பூக்காத, குட்டையான, கிளைத்த செடியைத் தேர்ந்தெடுங்கள். பூத்த செடி பெரும்பாலும் சிறு பையில் வேர் சுருண்டு, தன் பலத்தைச் செலவழித்து முடித்திருக்கும்.

7. தண்ணீர்க் கணக்கு

பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்கள்: "பூசைக்கும் ஆகாது, தலையில வைக்கவும் ஆகாது. இதுக்கு எதுக்குத் தம்பி இவ்வளவு தண்ணி?"

நியாயமான கேள்வி. நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்குப் போர் போட்டு, அதிலும் வருமோ வராதோ என்று பார்த்திருக்கும் பகுதி இது. ராகியும் வேர்க்கடலையும் தக்காளியும் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கின்றன. அழகுக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு குடத்துக்கும் நாம் கணக்குச் சொல்ல வேண்டும். நான் அளந்து பார்த்த கணக்கு இது. இருபது அடி நீள வரிசையில் சிவப்புச் சால்வியா இருபது தொட்டி வைத்தால், வெயில் நாளில் தொட்டிக்கு ஒரு லிட்டர். மாதம் 600 லிட்டர். அதே இருபது அடியில் வெல்வெட் சால்வியா ஐந்து புதர் தரையில் நட்டு, அடியில் காய்ந்த இலையைக் கனமாகப் பரப்பினால், நாலு நாளைக்கு ஒரு முறை புதருக்கு ஆறு லிட்டர். மாதம் 225 லிட்டர். அகலம் அதே, பார்வைக்கு நிறைவும் அதே. தண்ணீர் பாதிக்கும் குறைவு.

"இந்தப் பூவிலிருந்து தேனீ உங்கள் வீட்டுப் பூசணிக்கும் வரும் அம்மா" என்றேன். அடுத்த வாரம் ஒரு குச்சி கேட்டு வாங்கிப் போனார்கள்.

கழுநீர் பற்றி ஒரு முக்கியக் குறிப்பு. அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரை ஊற்றலாம். சோப்புத் தண்ணீர் வேண்டாம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரையும் ஊற்றாதீர்கள். அதில் உப்பு செறிந்திருக்கும். சால்வியா, குறிப்பாக அதன் நாற்று, உப்பைத் தாங்காது. இலை ஓரம் கருகினால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். நாற்றுகளுக்கு மட்டுமாவது மழைநீரைப் பிடித்து வைத்திருந்து ஊற்றுவது நல்லது.

8. ஓராண்டு அட்டவணை

ஜூன்–ஆகஸ்ட்: குச்சிச் செடிகளைத் தரைக்கு மாற்றுதல், வெல்வெட் வகையில் புதுக் குச்சி நடுதல்.
செப்டம்பர்–அக்டோபர்: விதைப்பு, வடிகால் சரிபார்த்தல்.
நவம்பர்–பிப்ரவரி: பூக்காலம். முடிந்த கதிரை உடனுக்குடன் வெட்டினால் புதுக்கதிர் வரும்.
பிப்ரவரி கடைசி: வெல்வெட் புதரை ஒரு சாண் உயரத்துக்குக் கவாத்து செய்தல், சிவப்பு வகையில் குச்சி எடுத்தல்.
மார்ச்–மே: தொட்டிகளைப் பாதி நிழல்வலைக்குள் வைத்தல், உரம் நிறுத்தம், மாலையில் மட்டும் தண்ணீர்.

கோடையில் இலையடியில் சிவப்புச் சிலந்தியும், மற்றக் காலத்தில் வெள்ளை ஈயும் மாவுப்பூச்சியும் வரும். இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சினாலே பெரும்பகுதி போய்விடும். மீதிக்கு லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சிறிது காதி சோப்பு. மாலை வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கலாம்.

9. காட்டோரம் இருப்பவர்களுக்கு

நம் ராமகுப்பத்தை ஒட்டிக் கௌண்டின்யக் காடு இருக்கிறது. யானைகள் நடமாடும் காடு. காட்டோரங்களில் புதராக மண்டியிருக்கும் உண்ணிச்செடியைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் அமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்த பூச்செடிதான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தோட்டத்துக்கு வந்தது, இன்று நாடெங்கும் காடுகளில் புல்லையும் இளமரக் கன்றுகளையும் நெருக்குகிறது. புல் குறைந்தால் விலங்குகள் வயலுக்கு வருகின்றன. அதன் நஷ்டம் விவசாயிக்கு.

காட்டுச் சிவப்புச் சால்வியா நீலகிரி, பழனி மலைகளில் தானே முளைத்துப் பரவியிருக்கிறது. உண்ணிச்செடி அளவுக்கு அது போகும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் காட்டோரத்திலோ ஓடைக்கரையிலோ வீடு இருந்தால் அந்த வகையைத் தவிர்த்துவிடுங்கள். வைத்தே தீர வேண்டும் என்றால் விதை முற்றுமுன் கதிரை வெட்டிவிடுங்கள். வெட்டியதை ஓடையில் எறியாதீர்கள். அழகு நம் வீட்டு வேலிக்குள் இருக்கும் வரைதான் அழகு.

10. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு

சென்னை, விஜயவாடா போன்ற சமவெளிகளில் இருப்பவர்கள் மழை ஓய்ந்த பிறகு நட்டு, பிப்ரவரி வரை பூப் பார்க்கலாம். டெல்லியில் அக்டோபரில் விதைத்தால் பிப்ரவரி, மார்ச்சில் பூக்கும். கடுங்குளிர் இரவில் நாற்றை மூடி வைக்க வேண்டும். லண்டன், டொரண்டோவில் இருக்கும் நம் பிள்ளைகள் உறைபனி முற்றிலும் நின்ற பிறகே வெளியே நடவேண்டும். இலையுதிர் காலத்தில் குச்சி எடுத்து, வெளிச்சமுள்ள ஜன்னலோரம் குளிர்காலம் முழுதும் வைத்திருக்கலாம். நாம் கோடையைக் கடத்துவதுபோல் அவர்கள் குளிரைக் கடத்துகிறார்கள். வேலை ஒன்றுதான், மாதம்தான் வேறு.

சிறுவர்களுக்குப் பயிற்சி

1. துளசி, புதினா, சால்வியா மூன்றின் தண்டையும் குறுக்கே வெட்டிப் பார்த்துப் படம் வரைக.
2. நீலச் சால்வியாப் பூவின் வாயில் மெல்லிய துடைப்பக் குச்சியை மெதுவாக நுழைத்து, குச்சியில் மகரந்தம் ஒட்டுகிறதா என்று ஐந்து பூக்களில் பார்த்து எழுதுக.
3. உங்கள் வீட்டுப் பூச்செடிகளுக்கு ஒரு மாதம் செலவாகும் தண்ணீரை லிட்டரில் கணக்கிடுக. எந்தச் செடி அதிகம் குடிக்கிறது? அதன் இடத்தில் வேறு எதை வைக்கலாம்?

மூன்றாம் கேள்விக்குப் பிள்ளைகளோடு அப்பா அம்மாவும் சேர்ந்து விடை எழுதலாம். இந்தப் புரட்டாசியில் ஒரு தட்டு விதையோ, நாலு குச்சியோ வைத்துத் தொடங்குங்கள்; தைப் பொங்கலுக்கு உங்கள் வாசலிலேயே பூக்கும்.